அம்பும் செருப்பும் ஏழு வாள்களும்

குழந்தை பயந்து ஓடி வந்திருக்கிறது. வந்த வேகத்தில் ஒரு காலின் செருப்பு கழன்று, வாரில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. இரண்டு கைகளாலும் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. முகத்தை மட்டும் திருப்பி, தன்னைப் பயமுறுத்திய எதையோ பார்க்கிறது. அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. படத்துக்கு எதிரே நிற்பவரைப் பார்க்கிறாள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் கத்தோலிக்கர் வீடுகளில் சகாய மாதாவின் இந்தப் படம் சுவரில் இருக்கும், காலண்டரில் இருக்கும், செபப் புத்தகத்தின் நடுவே அட்டையாகவும் இருக்கும். மற்ற மதத்தவர் வீட்டுப் பூசை அலமாரியிலும், பழனி முருகனுக்குப் பக்கத்தில், ஆட்டோவின் கண்ணாடியிலும்கூட அது வந்து உட்கார்ந்துவிடும். அச்சடித்த தாளில் வந்ததால் அது புதிய படம் போலத் தெரிகிறது. படத்தின் வயதோ ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்.

குஜிலியம்பாறையிலிருந்து எரியோடு வழியாகத் திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறுகிறவருக்கு இந்தச் சமவெளியைப் பற்றி முதலில் தோன்றுவது வறட்சிதான். மாவட்டத்தின் வடக்கு ஓரம், கரூர் எல்லையை ஒட்டிய பூமி. மானாவாரிச் சோளமும் கம்பும், கிணறு இருக்கிற இடத்தில் முருங்கையும் கண்ணில் படும். கரிக்காலி சிமென்ட் ஆலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பும். தெற்கே வேடசந்தூர் பக்கம் இறங்கினால் நூற்பாலைகள், அதற்கடுத்து மாரம்பாடி அந்தோணியார் கோயில். பிறகு திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் படும். இடைக்கால ஐரோப்பியர் பக்தியோடு வரைந்த ஓவியங்களைத் தேடி யாரும் இந்த வழியில் வருவதில்லை. ஆனால் அந்த ஓவியங்களில் வரும் அம்பு, வாள், பன்றி, மணி, லீலி மலர் எல்லாவற்றையும் நேர்த்திக்கடனுக்கும் கண்ணீருக்கும் இன்றும் பயன்படுத்துகிற மனிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பாரிஸ் அருங்காட்சியகத்தில் விளக்க அட்டையைப் படித்துவிட்டு நகர்கிற பயணியைவிட, இந்த ஊர்ப் பாட்டிகளுக்கு அந்தப் படங்கள் சீக்கிரம் பிடிபடும்.

சகாய மாதா படத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே இரண்டு பக்கமும் இரண்டு சம்மனசுகள், அதாவது வானதூதர்கள். இடப்பக்கம் மிக்கேல், கையில் ஈட்டி, கோலில் செருகிய கடற்பஞ்சு, காடி நிறைந்த பாத்திரம். வலப்பக்கம் கபிரியேல், கையில் சிலுவையும் ஆணிகளும். முப்பது வருஷம் கழித்து நடக்கப்போகிற பாடுகளின் கருவிகளை இந்த வயதிலேயே கொண்டுவந்து காட்டுகிறார்கள். குழந்தை திரும்பிப் பார்ப்பது அந்தச் சிலுவையை. சைப்ரஸ் தீவில் லகுதெரா என்ற மலைக் கிராமத்துக் கோயிலில் 1192-இல் வரைந்த சுவரோவியத்தில் இதே கருத்து ஏற்கெனவே வந்துவிட்டது. பிறகு கிரீட் தீவின் ஓவியர்கள், குறிப்பாக 15-ஆம் நூற்றாண்டின் அந்திரேயாஸ் ரிட்சோஸ், இந்த வகையைப் பலகையில் திரும்பத் திரும்ப வரைந்து கப்பல் வழியாக இத்தாலிக்கு அனுப்பினார்கள். ரோமில் இருக்கும் மூலப்படம் 1499-இல் புனித மத்தேயு கோயிலில் வைக்கப்பட்டது. 1798-இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோயிலை இடித்தது. பல பத்தாண்டுகள் படத்தைக் கவனிப்பார் இல்லை. 1866-இல்தான் அது இரட்சகர் சபைத் துறவிகளின் புனித அல்போன்ஸ் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சபையார் போன இடமெல்லாம் படமும் போயிற்று.

மூலப்படத்தின் பின்னணி தங்கம். பலகையில் சுதை பூசி, அதன்மேல் செம்மண் நிறக் களிமண் பூச்சு தடவி, தங்க ரேக்கை ஒட்டித் தேய்த்துப் பளபளக்க வைப்பது அந்தக் காலத்து முறை. வண்ணத்தை முட்டையின் மஞ்சள் கருவில் குழைப்பார்கள். 1400 வாக்கில் பிளாரன்ஸ் ஓவியர் மரபைச் சேர்ந்த சென்னினோ சென்னினி இதையெல்லாம் ஒரு கைநூலாகவே எழுதிவைத்தார். தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர் அந்த நூலைப் படித்தால் தன் பட்டறையையே பார்ப்பார்: பலகை, சுண்ணப்பொடி, பசை, தங்க ரேக். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் தங்கம் அசையும். அந்த அசைவில் உருவம் உயிரோடு நிற்பதாகத் தோன்றும். காலண்டர் தாளில் தங்கம் வெறும் மஞ்சளாகிவிட்டது, அது பெரிய இழப்புத்தான். ஆனால் செருப்பு இன்னும் தொங்குகிறது.

அந்தச் செருப்புக்கு அறிஞர்கள் பல விளக்கம் தருகிறார்கள். ரூத் ஆகமத்தில் ஒரு நிலத்தை மீட்கும்போது செருப்பைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வருகிறது. அதனால் இது மனித குலத்தை மீட்பதற்கான அடையாளம் என்பது ஒன்று. இருக்கட்டும். பயந்த பிள்ளை செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அம்மாவிடம் ஓடிவரும் என்பதைப் புரிந்துகொள்ள ரூத் ஆகமம் தேவையில்லை. இடைக்கால ஓவியத்தின் பலமே இதுதான். ஒரே பொருளில் கல்வியுள்ளவருக்கு ஒரு வாசிப்பும் பிள்ளை பெற்றவளுக்கு இன்னொரு வாசிப்பும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுக்காது.

கம்பங்காட்டுப் பக்கம் வந்தால் வேறொரு கதை.

கம்பு பூக்கும் பருவத்தில் மழையும் மேகமூட்டமும் சேர்ந்துகொண்டால் கதிரில் தேன் போன்ற பிசுபிசுப்பு வடியும். தேன் ஒழுகல் நோய் என்பார்கள் வேளாண்மைத் துறையில். கொஞ்ச நாளில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த பூசணக் கட்டி உட்கார்ந்திருக்கும். அது கலந்த தானியத்தைத் தின்றால் வாந்தியும் மயக்கமும் வரும். அதனால்தான் விதைக்கும் முன் கம்பை உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் கறுப்பை அரித்து எறியச் சொல்கிறார்கள். இந்தப் பூசணத்தின் நெருங்கிய உறவு ஒன்று ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வளர்ந்தது. அது இன்னும் கொடியது. ரத்த நாளங்களைச் சுருக்கி, கை கால்களில் தீப்பட்டது போன்ற எரிச்சலை உண்டாக்கி, கடைசியில் விரல்களையும் கால்களையும் கறுத்து உதிர வைத்தது. காரணம் ரொட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ‘அந்தோணியார் நெருப்பு’ என்று பெயர் வைத்து, வனத்து அந்தோணியாரிடம் ஓடினார்கள்.

வனத்து அந்தோணியார் எகிப்துக்காரர். பாலைவனத்தில் தவமிருந்து 356-இல் இறந்தவர். லீலி மலரும் குழந்தை இயேசுவும் கையிலேந்திய பதுவை அந்தோணியார் வேறு. அவர் 1231-இல் இறந்தவர், காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர். திண்டுக்கல் சீமையில் இருவருக்கும் கோயில் உண்டு, இருவர் பெயரையும் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். வனத்து அந்தோணியாரை அடையாளம் காண வழி எளிது. காலடியில் ஒரு பன்றி, கையில் மணி, மேலே குறுக்குக் கட்டை வைத்த ஊன்றுகோல்.

பன்றி எப்படி வந்தது? பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தோஃபினே பகுதியில் அந்தோணியார் பெயரில் ஒரு துறவுச் சபை தோன்றியது. நெருப்பு நோய் கண்டவர்களுக்கு மருத்துவமனை நடத்துவதே அதன் வேலை. புண்ணுக்குப் பன்றிக் கொழுப்பில் களிம்பு செய்தார்கள். அவர்களுடைய பன்றிகள் கழுத்தில் மணியோடு ஊருக்குள் தாராளமாக மேயலாம் என்று சலுகையும் வாங்கியிருந்தார்கள். ஆக, மருத்துவமனையின் பன்றி புனிதரின் பன்றியாகி ஓவியத்துக்குள் வந்தது. பிறகு கால்நடை முழுவதற்கும் அவரே காவல் ஆனார். அவர் திருநாள் ஜனவரி 17, தை பிறந்த கையோடு வந்துவிடும். மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிற ஒரு விவசாயச் சமூகம் இப்படி ஒரு புனிதரை விட்டுவைக்குமா? திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சாணார்பட்டி பக்கம் உள்ள கொசவபட்டியில் அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கிறது. உலகம்பட்டியில் பெரிய அந்தோணியார் பெயரால் நடக்கிறது. வாடிவாசலுக்குப் போகிற காளையின் நெற்றியில் மந்திரித்த தண்ணீர் விழும்போது, தோஃபினே துறவிகளின் பழைய மணி இங்கே வேறு கழுத்தில் ஒலிக்கிறது.

அந்தச் சபையின் மருத்துவமனை ஒன்று அல்சாசில் ஈசன்ஹைம் என்ற ஊரில் இருந்தது. அங்கே பீடத்துக்காக மத்தியாஸ் குரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்த மடிப்புப் பலகைகள் இப்போது கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடைக்காலத்தின் கடைசி மூச்சு என்று அந்த ஓவியத்தைச் சொல்லலாம். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பு முழுதும் புண். தோலில் முள் குத்தி நிற்கிறது. உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. விரல்கள் பத்தும் விறைத்து வானத்தை நோக்கி விரிந்திருக்கின்றன. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை இதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்கிறார்கள் கலை வரலாற்றாசிரியர்கள். அழுகிய காலோடு வந்தவன் தன் புண்ணைக் கடவுளின் மேனியில் பார்த்தான்.

அதே பீடத்தின் உட்பலகை ஒன்றில் பேய்கள் அந்தோணியாரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடிக்கின்றன. இடப்பக்க மூலையில் வயிறு வீங்கி, மேலெல்லாம் கொப்புளத்தோடு ஓர் உருவம் சாய்ந்து கிடக்கிறது, அதுதான் நெருப்பு நோயின் முகம். வலப்பக்க மூலையில் ஒரு துண்டுச் சீட்டு வரையப்பட்டிருக்கிறது. அதில் அந்தோணியார் இயேசுவிடம் கேட்கும் முறையீடு இருக்கிறது: நான் அடிபட்டபோது எங்கே போயிருந்தீர், ஏன் வந்து என் காயங்களை ஆற்றவில்லை என்ற பொருளில். சாமியை உரிமையோடு திட்டுகிற பக்தியைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மருத்துவமனைப் பீடத்தில் அந்தக் கேள்வியை எழுதவிட்ட துறவிகளின் துணிவு வியக்க வைக்கிறது. ஆறுதல் சொல்லும் முன் கோபத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் நகரத்துக்குள் நுழைந்ததும் பேராலயம். சூசையப்பர் கோயில், 1866-இல் தொடங்கி 1872-இல் கட்டி முடித்தது. ரோமில் சகாய மாதா புதிய கோயிலுக்குள் வந்த அதே வருஷத்தில் இங்கே வேலை தொடங்கியிருக்கிறது. 2003-இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல் பிரிந்தபோது இது ஆயரின் கோயிலாயிற்று. இங்கே நாயகரான சூசையப்பருக்கு இடைக்கால ஓவியத்தில் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. பிறப்புக் காட்சிகளில் ஓரமாகக் குந்தி, கன்னத்தில் கைவைத்து, கவலையோடு உட்கார்ந்திருக்கும் கிழவர் அவர். பூத்த கோல் மட்டும்தான் அவருக்குக் கிடைத்த கௌரவம். 1430-ஐ ஒட்டி ராபர்ட் காம்பின் பட்டறையில் வரைந்த, இப்போது நியூயார்க்கில் உள்ள மெரோட் பீடத்தில் அவருக்கு வலப்பக்கப் பலகை முழுதாகக் கிடைத்தது. தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து பலகையில் துளை போடுகிறார். மேசை மேல் ஓர் எலிப்பொறி. ஆண்டவரின் சிலுவை சாத்தானுக்கு வைத்த பொறி என்று புனித அகுஸ்தீனார் சொன்னதை வைத்து அந்த எலிப்பொறிக்கு மேயர் ஷபிரோ என்ற அறிஞர் 1945-இல் பொருள் சொன்னார். அந்தச் சூசையப்பருக்கு முழுக் காப்பியத்தையே கொடுத்தவர் தமிழில் எழுதிய இத்தாலியர். வீரமாமுனிவரின் தேம்பாவணி, 3,615 பாடல், நாயகன் வளன். கன்னத்தில் கைவைத்த கிழவரைக் காப்பியத் தலைவனாக்க ஒரு துறவி கடல் கடந்து தமிழுக்கு வர வேண்டியிருந்தது.

நகருக்குள்ளேயே இருக்கிறது முத்தழகுபட்டி. புனித செபஸ்தியார் கோயில். மரத்தில் கட்டப்பட்ட இளைஞன், மேலெங்கும் அம்பு. சுரூபத்தைப் பார்க்கிற குழந்தைகள் முதலில் கேட்பது ‘வலிக்காதா?’ என்றுதான். ஓவியர்களும் அதே கேள்வியைச் சில நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செபஸ்தியார் மூன்றாம் நூற்றாண்டு ரோமப் போர்வீரர். தியோக்கிளேசியன் ஆட்சியில் கிறிஸ்தவர் என்பதற்காக அம்பெய்து கொல்லச் சொன்னார்கள். செத்தார் என்று விட்டுவிட்டுப் போனவரை இரேனே என்ற விதவை மருந்திட்டுப் பிழைக்க வைத்தாள். எழுந்தவர் நேராக மன்னனிடம் போய் அவன் செய்தது தவறு என்று சொல்ல, இந்த முறை தடியால் அடித்துக் கொன்றார்கள். ஆக, அம்பு அவரைக் கொல்லவில்லை. அம்பிலிருந்து பிழைத்தவர் என்பதுதான் அவருடைய சிறப்பு. ரோமில் புனித இராயப்பர் சங்கிலிக் கோயிலில் உள்ள 7-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் அவர் தாடி வைத்த முதியவராக, உடம்பில் ஓர் அம்பும் இல்லாமல் நிற்கிறார். அம்புகளை அவர் மேல் ஏற்றியது கொள்ளைநோய். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பாய்ந்து வந்து, யாரைத் தாக்கும் என்று சொல்ல முடியாத நோயைக் கிரேக்கரும் யூதரும் முன்பே அம்பாகத்தான் நினைத்தார்கள். 1347-இல் கறுப்புச் சாவு ஐரோப்பாவில் இறங்கி, நான்கைந்து வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு செபஸ்தியார் ஓவியங்கள் பெருகின. 14-ஆம் நூற்றாண்டில் பிளாரன்சின் ஜியோவான்னி தெல் பியொந்தோ வரைந்த பலகையில் அம்பு படாத இடமே இல்லை. அன்றைய நகரங்களில் பிணங்களை எண்ண ஆள் இல்லாத நிலை.

ஓர் ஓவியத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஜோஸ் லீஃபெராங்ஸ் 1497-க்கும் 1499-க்கும் இடையில் வரைந்தது, இப்போது அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே ஒரு நகரத்தின் மதிலோரம். வெள்ளைத் துணியில் கட்டிய பிணத்தைக் குழிக்குள் இறக்குகிறார்கள். இறக்குகிறவர்களில் ஒருவனே அந்த நிமிடத்தில் நோய் தாக்கிச் சாய்கிறான். கழுத்தில் வீக்கம், தலை பின்னால் தொங்குகிறது, வாய் திறந்திருக்கிறது. சுற்றியிருப்பவர்கள் பதறுகிறார்கள். வானத்தில் ஒரு சம்மனசும் ஒரு பிசாசும் சண்டை. அதற்கும் மேலே கடவுளின் முன்னால் செபஸ்தியார் மண்டியிட்டிருக்கிறார், உடம்பெல்லாம் அம்போடு. அவற்றைப் பிடுங்கிப் போடாமல் அப்படியே போய் நிற்கிறார். எனக்குப் பாய்ந்தது போதும், இவர்களை விடும் என்பதற்கு அந்த அம்புகளே சாட்சி.

திண்டுக்கல்காரர்களுக்கு இந்த மனநிலை அந்நியமானதல்ல. மலைக்கோட்டை அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் இருக்கிறாள். அம்மையைத் தருகிறவளும் அவளே, இறக்குகிறவளும் அவளே. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலே உண்டு. நோய்க்கு ஒரு முகம் கொடுத்து, அந்த முகத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கே வேரோடியது. அதற்குள் செபஸ்தியார் சுலபமாக இடம் பிடித்தார். கேரளத்தில் அவர் திருநாளுக்கு ‘அம்பு பெருநாள்’ என்றே பெயர், அம்பை வீடு வீடாக எடுத்துப் போவார்கள். முத்தழகுபட்டியில் நேர்த்திக்கடன் வேறு வழியில் தீர்கிறது. ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்கு ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று காணிக்கை குவியும். எல்லாம் அண்டாக்களில் சோறும் குழம்புமாகி, சாதி மதம் பாராமல் பந்தி நடக்கும். ஆயிரக்கணக்கானோர் சாப்பிடுவார்கள். பாத்திரம் கொண்டுவந்து வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள், அந்தச் சோற்றுக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்ற நம்பிக்கையில். கொள்ளைநோய்க் காலத்தில் ஒருவர் தொட்டதை ஒருவர் தொட அஞ்சினார்கள், தகப்பன் பிள்ளையை விட்டு ஓடினான் என்று இத்தாலிய வரலாற்றுக் குறிப்பேடுகள் எழுதின. அந்த நோயின் காவலர் பெயரில் எல்லோரும் தோளோடு தோள் உரசி உண்பதைவிடப் பொருத்தமான வழிபாடு இருக்க முடியாது.

இனி மேட்டுப்பட்டி. இந்தப் பயணத்தில் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

மேட்டுப்பட்டி வியாகுல அன்னை கோயில் திண்டுக்கல்லின் பழைய கத்தோலிக்கப் பகுதிகளில் ஒன்றில் இருக்கிறது. வியாகுல மாதா படங்களில் மாதாவின் நெஞ்சில் ஒரு வாள், அல்லது ஏழு வாள். குழந்தையைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த அன்று, கிழவர் சிமியோன் ஒரு வாள் உன் உள்ளத்தை ஊடுருவும் என்ற பொருளில் மரியாளிடம் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அந்த ஒரு வாளை இடைக்காலம் ஏழாக்கியது: எகிப்துக்கு ஓடியது, பன்னிரண்டு வயதில் பிள்ளை மூன்று நாள் காணாமற்போனது, சிலுவை சுமந்து வந்தவனை வழியில் பார்த்தது, இறந்தவனை மடியில் வாங்கியது, அடக்கம் பண்ணியது போன்றவை. ஒவ்வொன்றும் எந்தத் தாய்க்கும் வரக்கூடிய துக்கம். அதனால்தான் நெஞ்சில் வாள் செருகிய உருவம் பார்ப்பவர்களுக்கு விபரீதமாகத் தோன்றவில்லை.

ஆனால் மாதா அழ ஆரம்பித்ததே தாமதமாகத்தான். 12-ஆம் நூற்றாண்டு வரை இத்தாலியச் சிலுவைகளில் இயேசு கண்ணைத் திறந்து, நிமிர்ந்து, வெற்றி பெற்றவராக நிற்பார். வலியின் சுவடே இருக்காது. 13-ஆம் நூற்றாண்டில் ஜியுந்தா பிசானோ, அவருக்குப் பின் சிமபுவே ஆகியோரின் கைகளில் கண்கள் மூடின, தலை சாய்ந்தது, இடுப்பு வளைந்தது. பிளாரன்சின் சாந்தா குரோசே கோயிலில் இருந்த சிமபுவேயின் பெரிய சிலுவையை 1966 நவம்பர் வெள்ளம் மூழ்கடித்து, வண்ணத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. மீந்ததிலும் அந்த வளைவு தெரிகிறது. மாற்றத்துக்குப் பின்னால் அசிசி பிரான்சிஸின் சீடர்கள் இருந்தார்கள். அவர்களிடையே எழுந்த ‘கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றிய தியானங்கள்’ என்ற நூல், வாசிப்பவரையும் சம்பவத்துக்குள் இழுத்தது: நீயும் அந்தக் குகையில் இரு, பிள்ளையை வாங்கிக்கொள், அந்தத் தாயோடு சேர்ந்து அழு என்கிற விதமாக. படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு காலம். படத்தின் முன் உட்கார்ந்து கூட அழுவது அடுத்த காலம்.

ஜெர்மனியில் பான் நகர அருங்காட்சியகத்தில் வண்ணம் தீட்டிய ஒரு மரச்சிற்பம் இருக்கிறது, 14-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. ராட்கன் பியேத்தா என்பார்கள். உயரம் 89 சென்டிமீட்டர்தான். மடியில் கிடக்கும் மகன் எலும்பும் தோலுமாக விறைத்திருக்கிறான், காயங்களில் ரத்தம் திராட்சைக் குலைபோல் திரண்டு நிற்கிறது. தாயின் முகத்தில் சாந்தம் இல்லை. வாய் கோணி, புருவம் நெரிந்து, நடந்ததை ஏற்க மறுக்கிற முகம். மைக்கேலாஞ்சலோ பின்னால் செதுக்கிய பளிங்கு மாதாவின் அமைதி அழகானதுதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அப்படி இருப்பாளா, இப்படி இருப்பாளா என்று கேட்டால், இழவு வீடு பார்த்த எவரும் பான் நகரத்து மரத்தைத்தான் காட்டுவார்கள்.

தவக்காலம் வந்தால் திண்டுக்கல் வட்டாரத்தில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகங்கள் களைகட்டும். மேட்டுப்பட்டி பாஸ்கா அதில் பேர்போனது. ஊர்க்காரர்களே நடிகர்கள். யூதாஸ் வரும்போது திட்டு விழும், சிலுவை விழும்போது கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். மாதா மகனை மடியில் வாங்கும் காட்சியில் பாட்டு ஒப்பாரிச் சந்தத்துக்கு இறங்கிவிடும். நாடகம் பார்க்கிறோம் என்ற நினைப்பு அங்கே அறுந்துபோகிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் எழுத்தால் செய்யப் பார்த்ததை இந்த மேடை ஒரே இரவில் செய்துவிடுகிறது.

ஜியோத்தோவின் ஓவியத்தை இங்கேதான் நினைக்க வேண்டும். பதுவை நகரில், அந்தோணியாரின் பெருங்கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம் இருக்கிறது. வட்டிக்கடைக்காரர் மகனான என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி கட்டி 1305-இல் அர்ச்சிக்கப்பட்டது. சுவர் முழுதும் ஜியோத்தோ வரைந்தவை. இயேசுவின் உடலைச் சுற்றி அழும் காட்சி வடக்குச் சுவரில் இருக்கிறது. மாதா மகனின் தலையைக் கையில் ஏந்தி, முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கிறாள். மதலேன் மரியாள் பாதங்களைப் பிடித்திருக்கிறாள். சீடர் அருளப்பர் இரு கைகளையும் பின்னால் வீசிக் குனிகிறார். வானத்தில் சம்மனசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துயரம்: ஒன்று கன்னத்தைப் பிறாண்டுகிறது, ஒன்று கையை விரிக்கிறது, ஒன்று துணியில் முகம் புதைக்கிறது. ஒரு பாறை சரிந்து மாதாவின் முகத்தை நோக்கி இறங்குகிறது. அதன் மேல்முனையில் இலையுதிர்ந்த ஒற்றை மரம்.

இவ்வளவுக்கும் முன்னால், படத்தின் கீழ் ஓரத்தில், இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாது. போர்த்திய துணியின் மடிப்புகள் மட்டும் தெரியும். ஒருத்தி தலையைத் தாங்குகிறாள், இன்னொருத்தி கையைப் பிடித்திருக்கிறாள். அழுகையைக் காட்ட வந்த ஓவியன் இரண்டு பேரின் முகத்தை ஏன் மறைத்தான் என்று பலர் யோசித்திருக்கிறார்கள். நம்மூர் இழவு வீட்டில் நுழைந்தவருக்கு இது புதிரே அல்ல. பிணத்தைச் சுற்றிப் பெண்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாமதமாக வந்தவள் வாசலில் நின்று பார்க்கும்போது முதலில் தெரிவது முதுகுகள்தான். இரண்டு முதுகுகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் அவளும் அழுகையில் சேர்வாள். ஜியோத்தோ பார்ப்பவரைத் தாமதமாக வந்த உறவுக்காரராக நிறுத்தியிருக்கிறார். அந்தச் சிற்றாலயத்தில் இப்போது ஒரு தடவைக்கு 25 பேரைத்தான் விடுகிறார்கள், காற்றைச் சீராக்கும் அறையில் காத்திருந்தபின் உள்ளே 15 நிமிடம். வண்ணம் கெடாமல் காக்க அது அவசியம். மேட்டுப்பட்டி மேடைக்கு முன்னால் விரித்த பாயில் இரவு முழுக்க உட்காரலாம்.

போக நினைக்கிறவர்கள் காலம் பார்த்துப் போக வேண்டும். அந்தோணியாருக்கு ஜனவரி, வாடிவாசல் பக்கம் நிற்க இடம் கிடைக்காது. செபஸ்தியார் திருநாள் ஜனவரி 20 என்றாலும் முத்தழகுபட்டிச் சோற்றுக்கு ஆகஸ்டில் வர வேண்டும், வரிசை நீளம், பாத்திரம் கையில் இருப்பது நல்லது. சூசையப்பருக்கு மார்ச் 19, சகாய மாதாவுக்கு ஜூன் 27. வியாகுல மாதா திருநாள் செப்டம்பர் 15, ஆனால் மேட்டுப்பட்டிக்குத் தவக்காலக் கடைசி வாரத்தில் போவதே சரி. பாஸ்கா இரவில் தொடங்கும், முடிய நேரமாகும், குஜிலியம்பாறைப் பக்கத்துக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.